வரட்டுங்களா

அந்தச் செய்தி காலையிலேயே வந்துவிட்டது. நான் பார்த்தது மதியத்துக்கு மேல். இடையில் அதற்கு ஒரு பதிலும் போயிருந்தது. அந்தப் பதிலை நான் அனுப்பவில்லை. ஆனால் அது போவதற்குக் காரணமான வரியை எழுதியவள் நான்.

என் மகள் அப்போது சேலம் சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு கோச்சிங் விடுதியில் தங்கி மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். சேர்த்த அன்றைக்கே போனை வாங்கி வார்டன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் கையில் கொடுப்பார்கள். அவள் அப்பா போர்வெல் ரிக்கில் மேனேஜர். வருடத்தில் பாதிக்கு மேல் மத்தியப் பிரதேசத்தில் எங்காவது தோண்டிக்கொண்டிருப்பார். மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான்.

எனக்கு ராசிபுரம் பக்கத்தில் ஒரு கோழித்தீவன கம்பெனியில் ஆபீஸ் வேலை. பண்ணைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திகளைப் பார்த்துப் பதில் சொல்வது முன்பு என் வேலையாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் சொந்த நம்பரைத்தான் எல்லோருக்கும் கொடுத்திருந்தேன். பண்ணைகள் பெருகப் பெருக அந்த நம்பர் ஆபீஸ் நம்பராகவே ஆகிவிட்டது. நான் வேறு நம்பர் வாங்கிக்கொண்டேன். போன வருடம் அந்தப் பழைய நம்பரை மெசினோடு இணைத்தார்கள். மெசின் என்று நாங்கள் சொல்வது மொழி மாதிரியை. மனிதர் எழுதுவதைப் படித்து, மனிதர் மாதிரியே எழுதும் மென்பொருள். அதற்கு எங்கள் ஆபீஸில் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. வருகிற செய்தி கேள்வியா, தகவலா என்று பிரிக்க வேண்டும். கேள்வி என்றால் ஒரு பதிலும் தயார் செய்து எங்களில் ஒருவர் பார்வைக்கு வைக்கும். தகவல் என்றால் நன்றி சொல்லி ஒரு பதில் தானாகப் போய்விடும். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

நான் தமிழ் எம்.ஏ. சொல்லின் கடைசியில் 'ஆ' வந்தால் வினா என்று பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் எழுதுவதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அது எவ்வளவு குழப்பம் என்று தெரிந்தது. "தீவனம் இன்னும் வரலைங்க" என்று ஒருவர் எழுதுவார். பார்த்தால் தகவல். ஆனால் எப்போது வரும் என்று கேட்கிறார். "நாங்கெல்லாம் மனுசங்க இல்லீங்களா" என்று இன்னொருவர். பார்த்தால் கேள்வி. ஆனால் திட்டுகிறார். மெசின் தப்புச் செய்யும் இடங்களில், வழக்கத்தைச் சாதாரணத் தமிழில் எழுதி வைத்தால் அது பிடித்துக்கொள்ளும். அதை எழுதத் திரையில் ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பும் வேலை எனக்கு வந்தது.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை 'வரட்டுங்களா'தான். எங்கள் பக்கம் யாரும் பேச்சை அப்படியே முடித்துக்கொண்டு எழுந்து போக மாட்டார்கள். "அப்ப நான் வரட்டுங்களா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். போகிறேன் என்பதைத்தான் அப்படிச் சொல்வது. வாட்ஸ்அப்பிலும் அதே பழக்கம். மெசினுக்கு இது புரியவில்லை. ஒரு பண்ணைக்காரர் வழக்கம்போல "சரிங்க வரட்டுங்களா" என்று முடிக்க, "தாராளமாக வரலாம். அலுவலகம் மாலை வரை திறந்திருக்கும்" என்று அது பதில் தயார் செய்து வைத்தது. ஆபீஸில் யாரோ பார்க்காமல் அதை அனுப்பியும் விட்டார்கள். மறுநாள் அவர் வந்து நின்றார்.

"ஏனுங்க மேடம், வரச் சொன்னீங்களாமா. வந்துட்டேன். டீ சொல்லுங்க."

ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே அன்றைக்கே அந்தக் கட்டத்தில் எழுதினேன்: 'வரட்டுங்களா என்பது இந்தப் பகுதியில் விடைபெறும் சொல். கேள்வி அல்ல. தகவலில் சேர்க்கவும்.' அதன் பிறகு ஒரு தொல்லையும் இல்லை. மெசின் நன்றாகப் பழகிவிட்டது என்று ஓனர் எல்லோரிடமும் சொன்னார்.

சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தபோது வார்டனிடமிருந்து போன்.

"அம்மா, பாப்பா ஊட்டுக்கு வந்துருச்சுங்களா?"

"எந்தப் பாப்பாங்க?"

எதற்கு அப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்கு ஒரே மகள்.

"காலைல டெஸ்ட்டுக்கு வரலைங்க. வயித்து வலின்னு ரூம்ல இருக்குதுன்னு மத்த புள்ளைங்க சொன்னாங்க. இப்ப பாத்தா ரூம்லயும் இல்ல. ஊருக்குத்தான் வந்துருக்கும்னு நினைச்சுக் கூப்பிட்டேனுங்க."

போனவள் வீட்டுக்குத்தான் போயிருப்பாள் என்று அவரே முடிவு செய்துகொண்டு பேசினார். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் எங்கள் கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு, "பூட்டு பூட்டுனபடி இருக்குது கண்ணு, ஆரும் வரல" என்றார்.

என் புது நம்பர் மகளுக்கு மனப்பாடம் இல்லை. அவள் போனில் பெயர் போட்டு வைத்திருந்தாள், அந்தப் போன் அலமாரிக்குள் இருந்தது. சின்ன வகுப்பிலிருந்து அவளுக்கு மனதில் நிற்கும் ஒரே நம்பர் என் பழைய நம்பர். இது உறைத்ததும் என் கை மெசின் திரையில் 'தகவல்' என்ற பக்கத்தைத் திறந்துவிட்டது. நான் அதற்கு முன் அந்தப் பக்கத்தைப் பெரிதாகத் திறந்ததே இல்லை.

லாரி வந்து இறங்கியது, மூட்டை நனைந்தது, குஞ்சு இறக்கியாகிவிட்டது. இப்படி வரிசையாக இருந்தவற்றின் நடுவில் ஒரு புது நம்பரிலிருந்து ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். 'அம்மா நான்தானுங்க வரட்டுங்களா'

கேள்விக்குறி இல்லை. முற்றுப்புள்ளியும் இல்லை. பண்ணைக்காரர்களும் என்னை அம்மா என்றுதான் எழுதுவார்கள். அதனால் மெசினுக்குச் சந்தேகம் வர ஒன்றுமில்லை. பக்கத்தில் 'விடைபெறுதல்' என்று குறித்திருந்தது. கீழே, தானாகப் போன பதில்: 'தங்கள் தகவல் கிடைத்தது. நன்றி. இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்.'



அந்த நம்பரைக் கூப்பிட்டேன். ஜங்ஷன் எதிரில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவர் எடுத்தார்.

"ஆமாங்க, ஒரு பாப்பா போனைக் கேட்டு வாங்குச்சு. அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போட்டுக்கறேன்னுச்சு. பேசிக்கோ பாப்பான்னேன், வேண்டாம்னுருச்சுங்க."

"அப்புறம் என்ன பண்ணுச்சுங்க?"

"பதிலு உடனே வந்துருச்சு. படிச்சுட்டு சிரிச்சுது. போனைக் குடுத்துட்டுப் போயிருச்சுங்க."

"சிரிச்சுதுங்களா?"

"சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. நல்லாக் கவனிக்கலைங்க, ஏவாரத்துல இருந்தேன்."

"எந்தப் பக்கம் போச்சு? பஸ் ஸ்டாப் பக்கமா, ஸ்டேசன் பக்கமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஸ்டேசன் பக்கந்தானுங்க போன மாதிரி இருந்துச்சு" என்றார்.

எப்படி எழுந்தேன், பையை எடுத்தேனா என்பதெல்லாம் நினைவில்லை. பக்கத்து மேசைக்காரம்மா என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ரோடு வரை ஓடி வந்தது மட்டும் நினைவிருக்கிறது. சேலம் பஸ் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறிவிட்டேன்.

ஏறி உட்கார்ந்ததும் செய்ய ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அதுதான் கொடுமை. பஸ் அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் நிதானமாக இறங்கினார்கள், நிதானமாக ஏறினார்கள். என் தலைக்குள் அந்த ஒரே சொல். வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டாளா? இல்லை, நான் போகிறேன் என்று சொன்னாளா? கேட்டிருந்தால், இன்னும் பதிலுக்குக் காத்துக்கொண்டிருப்பாள். சொல்லியிருந்தால்? அதற்கு மேல் யோசிக்க என்னால் முடியவில்லை. ஜங்ஷன், தண்டவாளம் என்ற இரண்டு சொற்களையும் தள்ளித் தள்ளி விட்டேன். மறுபடி மறுபடி வந்து நின்றன.

என் போனிலும் மெசினைத் திறக்க முடியும். திறந்தேன். நான் எழுதியிருந்த அந்த வரியை அழித்தேன். மகளின் செய்தியை மட்டும் போட்டேன். 'கேள்வி' என்றது. உயிர் வந்தது. உடனே சந்தேகமும் வந்தது. அந்த வரியை மறுபடி எழுதிப் போட்டேன். 'தகவல், விடைபெறுதல்' என்றது. மறுபடி அழித்தேன். 'அம்மா' என்பதை எடுத்துவிட்டுப் போட்டேன். 'நான்தானுங்க' என்பதை எடுத்துவிட்டுப் போட்டேன். நானே ஒரு கேள்விக்குறி சேர்த்துப் போட்டேன். 'நிச்சயமாகக் கேள்வி' என்றது. குறியைப் போட்டது நான். அதைத் தெரிந்துகொண்டே அந்த 'நிச்சயமாக' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா, "என்னாச்சு சாமி?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். குடிக்கவில்லை.

கடைசியில் பிரிக்கச் சொல்வதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் எழுதினேன். இவள் என் மகள். படிப்பில் கஷ்டப்படுகிறாள். யாரோ ஒருவர் போனிலிருந்து இதை அனுப்பியிருக்கிறாள். ஆளைக் காணவில்லை. இது கேள்வியா, விடைபெறுதலா, சொல்.

பதில் நீளமாக வந்தது. இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு, இந்த ஒரு வரியை மட்டும் வைத்து எது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று இருந்தது. எதுவாக இருந்தாலும் இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான், ரயில்வே போலீசுக்கு உடனே சொல்லுங்கள், விடுதியிலிருந்து ஒருவரை ஸ்டேஷனுக்கு அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் தனியாக இருந்தால் யாரையாவது துணைக்குக் கூப்பிடுங்கள் என்று எழுதியிருந்தது.

'தெரியாது என்று சொல்லவா இத்தனை வரி?' என்று தட்டினேன். அனுப்பவில்லை. வார்டனைக் கூப்பிட்டுச் செய்தி வந்ததைச் சொல்லி ஸ்டேஷனுக்கு ஓடச் சொன்னேன். ரயில்வே உதவி எண்ணைக் கூப்பிட்டு அடையாளம் சொன்னேன். சுடிதார் என்ன கலர், மஞ்சளா பச்சையா என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. உயரம் சொன்னேன், வலது புருவத்தில் தழும்பு சொன்னேன். சொல்லும்போதே, இப்படி அடையாளம் எதற்கெல்லாம் கேட்பார்கள் என்று தோன்றி வாய் குழறியது.

அவள் அப்பாவைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. அவராகவே கூப்பிட்டார். வார்டன் அவருக்கும் பேசியிருக்கிறார். பின்னால் ரிக் கம்ப்ரசர் இரைச்சல்.

"என்ன புள்ள, பாப்பா என்னமோ மெசேஜ் போட்டுச்சாமா? என்னன்னு போட்டுச்சு?"

"வரட்டுங்களான்னு."

"அவ்வளவுதான? ஊட்டுக்கு வரட்டுங்களான்னு கேட்டுருக்குது. நீ வான்னு சொல்ல வேண்டியதுதான?"

"நான் பாக்கலைங்க. பழைய நம்பருக்கு வந்துருச்சு. அது கேள்வியா, போறேன்னு சொல்றதான்னு தெரியலைங்க. மெசின்ல போட்டுப் போட்டுப் பாக்கறேன்."

"இதுக்கு ஒரு மெசினு வேணுமா? எம்புள்ள எப்படிப் பேசும்னு எனக்குத் தெரியாதா? கேக்குது புள்ள. கேக்குதுதான்."

கம்ப்ரசர் சத்தம் நின்றது. யாரோ நிறுத்தினார்களா, அவர் தள்ளிப் போனாரா தெரியாது. 

"கேக்குதுதான, புள்ள?" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் குரல் அப்படிப் போய் நான் கேட்டதில்லை. என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் டிரைவரிடம் என்ன சொன்னேனோ, ஸ்டேஷன் வாசலில் அவரும் வண்டியை அப்படியே விட்டுவிட்டு என்னோடு உள்ளே ஓடி வந்தார். அறிவிப்புகள் மூன்று மொழியில் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன. ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. அது நகர்ந்த பிறகுதான் எதிர் நடைமேடையில் அவள் தெரிந்தாள். மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தின் பக்கத்தில், பெஞ்சின் ஓரத்தில், புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு. சுடிதார் மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை.   படி ஏறி இறங்கி அவள் முன்னால் போய் நின்றபோது அவள் தலை தூக்கிப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா" என்றாள்.

நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் குடும்பத்தில் இருந்த பெரியம்மா, "இந்நேரம் வரைக்கும் பாப்பா ஒண்ணுமே சாப்பிடலம்மா, நான் குடுத்த சப்பாத்தியையும் வாங்கல" என்று என்னிடம் குறை சொன்னார். அவருக்கு என்ன தெரிந்திருந்ததோ, அவர்கள் போக வேண்டிய வண்டி வந்து நின்றும் நாங்கள் எழும் வரை அவர் ஏறவில்லை. மற்றவர்களை ஏற்றிவிட்டுக் கதவருகில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வார்டன் மூச்சிரைக்க வந்தார். என்னைப் பார்த்ததும் தள்ளி நின்றுகொண்டார். ஆட்டோக்காரர் டீ வாங்கி வந்து கொடுத்தார். மகள் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஏஞ்சாமி, போன் பேசியிருக்கலாமல்ல?"

"பேசுனா அழுதுருவேனுங்க."

"பதில் போட்டது நான் இல்ல கண்ணு."

"தெரியுமுங்க. இனிய நாளாக அமையட்டும்னு வந்துச்சு. படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு. உங்க பழைய நம்பர் வேற ஆருக்கோ போயிருச்சுன்னு நினைச்சேன். அப்புறம், இனிமே ஆரக் கேக்கறதுன்னு தெரியல. இங்க வந்து உக்காந்துட்டேன்."

"ஸ்டேசனுக்கு எதுக்கு சாமி வந்தே?"

அவள் சுடிதார் பாக்கெட்டிலிருந்து பிளாட்பாரம் டிக்கெட்டை எடுத்து, கசங்கிப் போயிருந்ததை முழங்கால் மேல் வைத்து நீவிவிட்டாள். டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறாள் என்று நான் அந்தத் துண்டுக் காகிதத்தையே பிடித்துத் தொங்கினேன். திரும்பிப் போக நினைப்பவர்கள்தானே டிக்கெட் எடுப்பார்கள்? எல்லோரும் எடுக்கலாமே என்று உள்ளே இன்னொரு குரல் சொன்னது.

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டேன்.

"வரட்டுங்களான்னு போட்டியே. ஊட்டுக்கு வரட்டுங்களான்னு கேட்டியா? இல்ல..."

அவள் தண்டவாளத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. டீயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தட்டறப்ப எனக்கே தெரியலைங்கம்மா. நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கலாம்னு போட்டேன்."

இதற்குப் பிறகு நான் அந்த மெசினைக் குறை சொல்லவில்லை. அவளுக்கே தெரியாததை அது எங்கிருந்து எடுத்துச் சொல்லும்? ஆபீஸில் அந்த வரியை நான் திரும்ப எழுதவில்லை. இப்போது வரட்டுங்களாக்கள் எல்லாம் கேள்விப் பக்கத்தில்தான் வந்து குவிகின்றன. ஒவ்வொன்றுக்கும் நானே பதில் போடுகிறேன். "வரட்டுங்களான்னா வாங்க வாங்கங்கறீங்க, ஊட்டுல கெடா வெட்டா மேடம்?" என்று ஒருவர் கேட்டார். ஓனருக்கு எரிச்சல்தான். ஒன்றும் சொல்வதில்லை. மனநல டாக்டரிடம் மகளை வாரா வாரம் கூட்டிப் போகிறேன். அவரும் அவளிடம் கேள்விதான் கேட்கிறார். அவள் பதில் சொல்லும்போது நான் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். கதவுக்கு இந்தப் பக்கம் சொற்கள் கேட்காது, குரல் மட்டும் கேட்கும். அது மேலே போய் முடிகிறதா, கீழே இறங்கி முடிகிறதா என்று கவனித்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் தெரியாது.

ஸ்டேஷனிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். பிறகு பயம் வந்து, இடம் மாற்றி நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். அவள் அப்பா கூப்பிட்டார். போனை அவளிடம் கொடுத்தேன். "ம்" என்றாள். "ம்" என்றாள். அந்தப் பக்கம் அவர் அழுதுகொண்டே பேசுவது எனக்கே கேட்டது. "இல்லீங்கப்பா, சாப்பிட்டேனுங்க" என்று பொய் சொன்னாள்.

மல்லூர் தாண்டியதும் வார்டன் கூப்பிட்டார். "சாமானெல்லாம் பத்திரமா இருக்குதுங்கம்மா. நாலு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வந்துரட்டும். அடுத்த வாரம் டெஸ்ட் இருக்குது. வந்துருமுங்கல்ல?"

"வராதுங்க" என்றேன்.

"இல்லீங்கம்மா, இவ்வளவு தூரம் படிச்சுட்டு..."

"பாப்பா இனிமே அங்க வராதுங்க. சாமானை நான் வந்து எடுத்துக்கறேன்." வைத்துவிட்டேன்.

மகள் என் பக்கம் திரும்பினாள். பஸ் ஏறிய பிறகு முதல் முறையாக நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"நெசமாலுமுங்களா?"

இது கேள்வி. யாரிடமும் காட்டிக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

"ஆமா சாமி" என்றேன்.

அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளா, சும்மா மூடியிருக்கிறாளா என்று ஊர் வரும் வரை அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.